சொற்பட்டியல் யாருக்கு உரியது?

ஒரு மொழியில் வழங்கும் சொற்கள் அம்மொழியைப் பேசும் மக்கள் அனைவர்க்கும் பொதுவானவை. அவற்றிற்குப் பட்டா இல்லை, எல்லைக்கல் இல்லை. ஆற்று நீரைப்போல அவை எல்லார்க்கும் உரியவை. ஆனால், அச்சொற்களைத் தேடித் திரட்டி, வரிசைப்படுத்தி, பட்டியலாக்கி வைத்தவர் ஒருவர் இருக்கின்றார். பல ஆண்டுகள் அவர் அதற்காக உழைத்திருக்கின்றார். "சொற்கள் உங்களுடையவை; பட்டியல் என்னுடையது" என்று அவர் கூறினால், அக்கூற்று நியாயமானதா? ஆற்று நீரைக் குடத்தில் முகந்து வந்தவர் அக்குடத்து நீருக்கு உரிமை கோரலாமா?

இது பொழுதுபோக்குக்காக எழுப்பும் வினா அன்று. கணிப்பொறியில் ஆங்கிலம் எழுதும்போது, பிழையான சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடு தோன்றுகிறது. சொல் விளையாட்டுகளில் ஒரு சொல் செல்லும் என்றும் மற்றொன்று செல்லாது என்றும் பொறியே தீர்ப்பளிக்கிறது. இவற்றின் பின்னால் இருப்பது ஆங்கிலச் சொற்பட்டியல். அத்தகைய பட்டியல்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. விலையின்றிக் கிடைப்பது எதுவும் உரிமையாளர் இல்லாதது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் சரியா என்பதை அறிய வேண்டுமானால், ஆங்கில அகராதிகளின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி என மதிக்கப்படுவது, ராபர்ட் காட்ரி என்பார் 1604ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூல். அதில் இருந்த சொற்கள் ஏறத்தாழ 2,500. அச்சிறு நூலும் முற்றிலும் அவருடைய தேட்டம் அன்று. 1596இல் எட்மண்ட் கூட் என்ற பள்ளியாசிரியர் வெளியிட்ட பாடநூலிலிருந்து அவர் பல சொற்களை எடுத்துக்கொண்டார். முன்னோர் திரட்டியதைப் பின்னோர் எடுத்தாளுதல் அந்நாளில் குற்றமாகக் கருதப்படவில்லை.

ஆனால் எல்லாரும் பொறுமையாக இருந்துவிடவில்லை. 1656இல் தாமஸ் பிளண்ட் என்ற வழக்கறிஞர், அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் அகராதி ஒன்றை வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1658இல், கவிஞர் மில்டனின் மருமகனான எட்வர்ட் பிலிப்ஸ் மற்றோர் அகராதியுடன் வந்தார். அதில் தம் உழைப்பின் பெரும்பகுதி சொல்லாமற் கொள்ளாமற் புகுந்திருப்பதைப் பிளண்ட் கண்டார். நெடுநாள் பொறுத்திருந்து, 1673இல் அந்நூலின் பிழைகளை வரிசையாக எடுத்துக்காட்டித் தனி நூல் ஒன்றே எழுதினார். தாம் செய்த பிழைகளும் அப்படியே படியெடுக்கப்பட்டுள்ளன என்பது அவர் கூறிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இதனை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். சரியான சொல்லை இருவர் தனித்தனியே கண்டறியலாம். ஒரே பிழையை இருவர் தனித்தனியே செய்தல் அரிது. திருட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பிழைதான்.

பிளண்ட் நூல் எழுதி வாதிட்டாரேயன்றி, ஆசிரியர் என்ற முறையில் வழக்காட அவருக்கு வழி இருக்கவில்லை. அக்காலத்தில் ஒரு நூலை அச்சிடும் உரிமை, லண்டன் நூல் வணிகர் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் பதிந்துகொண்ட வணிகருக்கே இருந்தது. ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று ஆங்கிலச் சட்டம் முதன்முதலாக ஏற்றுக்கொண்டது 1710ஆம் ஆண்டில், ஆன் அரசியாரின் காலத்தில். புதிய நூலுக்கு 14 ஆண்டுகள் உரிமை. அதன்பின் ஆசிரியர் உயிருடன் இருப்பின் மேலும் 14 ஆண்டுகள். அக்காலம் கடந்தால் நூல் பொதுச்சொத்தாகும். உழைத்தவருக்குப் பயன் வேண்டும். ஆனால் அறிவு என்றென்றும் ஒருவர் பெட்டியில் பூட்டிக்கிடக்கவும் கூடாது. இவ்விரு நோக்கங்களையும் ஒருசேர நிறைவேற்ற முயன்றது அச்சட்டம்.

அச்சட்டத்தின் நிழலில் எழுந்ததே சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி. 1746இல் லண்டன் நூல் வணிகர் சிலர் கூடி அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஊதியம் 1,575 பவுன். உதவியாளர் அறுவருக்கான கூலியும் அத்தொகையிலிருந்தே கொடுக்கப்பட வேண்டும். மூன்றாண்டுகளில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய பணி ஒன்பது ஆண்டுகளை விழுங்கியது. 1755இல் வெளிவந்த அவ்வகராதியில் 42,000க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. ஜான்சனும் வெறுங்கையுடன் தொடங்கவில்லை. நேதன் பெய்லி என்பாரின் முந்தைய அகராதி அவருக்குத் துணை நின்றது. ஆயினும், சொற்களுக்கு அவர் வகுத்த பொருள் விளக்கமும், பேராசிரியர்களின் நூல்களிலிருந்து தேர்ந்து தந்த மேற்கோள்களும் அவருடையவை. சொல் பொது, விளக்கம் தனி. இவ்வேறுபாடு அவ்வகராதியில் தெளிவாகத் தெரிகிறது.

நூல் வணிகர்களோ தம் உரிமை என்றும் அழியாதது என்று நெடுங்காலம் வாதிட்டனர். 1774இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் தள்ளிற்று. சட்டம் வகுத்த காலம் முடிந்ததும் வெளியான நூல் பொதுச்சொத்தே என்று அன்று முடிவாயிற்று. பழைய அகராதிகளை இன்று எவரும் அச்சிடலாம் என்ற நிலைக்கு வழி வகுத்த தீர்ப்புகளுள் அது தலைமையானது.

இனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் செல்வோம். அமெரிக்கா விடுதலை பெற்ற காலத்தில் நோவா வெப்ஸ்டர் என்ற இளம் ஆசிரியர் எழுத்துக்கூட்டும் பாடநூல் ஒன்றை எழுதி முடித்தார். அந்நாட்டில் அன்று பதிப்புரிமைச் சட்டமே இல்லை. தம் நூல் வெளிவந்த மறுநாளே வேறொருவர் அதை அச்சிட்டு விற்கக்கூடும் என அவர் அஞ்சினார். மாநிலம் மாநிலமாகச் சென்று, சட்டசபையினரைக் கண்டு, சட்டம் வேண்டி நின்றார். 1783இல் கனெக்டிகட் மாநிலம் வழிகாட்டியது. பிற மாநிலங்களும் பின்பற்றின. 1790இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. உரிமைக் காலத்தை 28 ஆண்டுகளாக உயர்த்திய 1831ஆம் ஆண்டுச் சட்டத்திற்காகவும் முதுமையில் அவர் பாடுபட்டார். இடையே, 1828இல், 70,000 சொற்கள் கொண்ட பேரகராதியை வெளியிட்டார்.

உரிமைக்காக இத்துணைப் போராடிய அவரே ஒரு வழக்கில் வரம்பு கடந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஜோசப் வூஸ்டர் என்பவர் 1830இல் மற்றோர் அகராதி வெளியிட்டார். 1834இல் செய்தித்தாளில் ஒரு பூசல் மூண்டது. வூஸ்டர் தம் அகராதியிலிருந்து எடுத்துக்கொண்டவை என்று கூறி, நூற்றுக்கு மேற்பட்ட சொற்களின் பட்டியலை வெப்ஸ்டர் முன்வைத்தார். வூஸ்டர் அமைதியாக விடையிறுத்தார்: அச்சொற்களில் மிகப்பல வெப்ஸ்டருக்கு முந்தைய அகராதிகளிலேயே காணப்படுகின்றன, அவற்றை வெப்ஸ்டரின் சொத்து என்பது எங்ஙனம்? இவ்விடையில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஒரு சொல் மொழியில் இருக்கிறது என்பது செய்தி. அச்செய்தியை முதலில் ஏட்டில் ஏற்றியவர்கூட அதன் உடைமையாளர் ஆகமாட்டார்.

வெப்ஸ்டர் 1843இல் மறைந்தார். அவருடைய அகராதியின் உரிமையை மெரியம் சகோதரர்கள் விலைக்கு வாங்கினர். காலம் சென்றது, பழைய பதிப்பின் உரிமைக் காலம் முடிந்தது. அகராதி பொதுச்சொத்தானபோது 'வெப்ஸ்டர்' என்ற பெயரும் அதனுடன் பொதுவாகிவிட்டது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள் கூறின. வெப்ஸ்டர் அகராதி என்ற பெயரில் பல நிறுவனத்தார் பல நூல்கள் வெளியிட்டு வந்ததன் காரணம் இதுவே.

இங்கிலாந்தில் அதே காலத்தில் மற்றொரு புதுமை நிகழ்ந்தது. 1857இல் மொழிநூற் கழகத்தில் எழுந்த எண்ணத்தின் பயனாகத் தோன்றியது ஆக்ஸ்போர்டுப் பேரகராதி. 1879இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியப் பொறுப்பேற்றார். ஆங்கிலம் கற்ற பொதுமக்களை நோக்கி அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: நூல்களைப் படியுங்கள், சொற்கள் வரும் வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்புங்கள். ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி எழுதி அனுப்பினர். 1884இல் முதற் பகுதி வெளிவந்தது. 1928இல் பணி நிறைவெய்தியது. மர்ரே அதனைக் காணாமலே 1915இல் இயற்கை எய்தினார். 4,14,825 சொற்களும் ஏறத்தாழ 18 இலட்சம் மேற்கோள்களும் கொண்ட அப்பெருநூல், மக்கள் தந்த சீட்டுகளால் ஆயது. உரிமையோ அச்சிட்ட பல்கலைக்கழக அச்சகத்திற்கு உரியதாயிற்று. இதில் அநீதி இருப்பதாக அன்று எவரும் கூறவில்லை. அரை நூற்றாண்டுச் செலவை அச்சகமே தாங்கியது. ஆனால் பொதுமக்கள் கூடி உழைத்தால் பேரகராதி உருவாகும் என்ற பாடம் உலகிற்குக் கிடைத்தது. அப்பாடத்தின் முழுப் பயனும் பின்னரே விளங்கிற்று.

இதுகாறும் கூறியவை பொருள் விளக்கத்துடன் கூடிய அகராதிகள். விளக்கம் ஏதுமற்ற வெறும் சொற்பட்டியலுக்கு மதிப்பு உண்டா? இருவர் செய்த பணிகளை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அமெரிக்கப் பேராசிரியர் தார்ண்டைக் 1921இல், நூல்களில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, மிகுதியாக வழங்கும் 10,000 சொற்களை ஆசிரியர்களுக்குப் பட்டியலாகத் தந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆக்டன் என்ற அறிஞரோ எண்ணிக்கையை நம்பவில்லை. எவ்வெண்ணத்தையும் சொல்லப் போதுமான மிகச் சில சொற்களைத் தம் அறிவுகொண்டு தேர்ந்து, 1930இல் 850 சொற்களில் 'பேசிக் ஆங்கிலம்' என்பதனை அமைத்தார். அப்பட்டியல் ஒரே தாளில் அடங்கிவிடும். பிரதமர் சர்ச்சில் 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அதனைப் போற்றிப் பேசினார். 1946இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அதன் பதிப்புரிமையைத் தன்பால் மாற்றிக்கொண்டு, ஆக்டனுக்கு 23,000 பவுன் ஈடாக அளித்தது. 850 சொற்களும் குழந்தைகள் அறிந்த எளிய சொற்கள். அவற்றுள் ஒன்றுகூட ஆக்டன் படைத்தது அன்று. அரசாங்கம் விலை கொடுத்தது சொற்களுக்கு அன்று. எதைக் கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்த அறிவுக்கும், அதன்மேல் எழுந்த முறைக்குமே.

எண்ணிப் பெற்ற பட்டியல், தேர்ந்து பெற்ற பட்டியல் என்ற இந்த வேறுபாட்டிற்குச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்தது மிகவும் பிற்பட்டு, 1991இல். அதற்குக் காரணமாக அமைந்தது அகராதி அன்று. தொலைபேசிப் பெயர்ப் புத்தகம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம் தன் சந்தாதாரர்களின் பெயர், ஊர், எண் ஆகியவற்றை அகர வரிசையில் அச்சிட்டு வந்தது. ஃபைஸ்ட் என்ற நிறுவனம், 11 பகுதிகளுக்குச் சேர்த்துப் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட விரும்பி அனுமதி கேட்டது; ரூரல் மறுத்தது. ஃபைஸ்ட் அனுமதியின்றியே எடுத்துக்கொண்டது. படியெடுப்போரைப் பிடிக்க ரூரல் தன் புத்தகத்தில் பொய்ப் பெயர்களைக் கலந்து வைத்திருந்தது. அவற்றுள் நான்கு ஃபைஸ்டின் புத்தகத்திலும் இருந்தன. எடுத்தது உண்மை என்பதில் ஐயமே இல்லை. எனினும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்டின் பக்கமே தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அம்மையார் கூறிய நியாயம் இது: பதிப்புரிமை உழைப்புக்குத் தரும் கூலி அன்று, புதிதாக ஆக்கியதற்குத் தரும் பாதுகாப்பு. செய்திகளை எவரும் ஆக்குவதில்லை. அவை முன்பே உள்ளவை. செய்திகளைத் தேர்ந்தெடுத்த முறையிலோ அடுக்கிய முறையிலோ சிறிதளவேனும் சொந்த ஆக்கம் இருந்தால், அத்தேர்வுக்கும் அடுக்குக்கும் மட்டுமே பாதுகாப்பு உண்டு. எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில் நிறுத்துவதில் அத்தகைய ஆக்கம் ஏதும் இல்லை.

ஆயினும் ஒரு நாட்டுத் தீர்ப்பு உலகுக்கெல்லாம் தீர்ப்பு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் பிறப்பித்த ஆணையின்படி, பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்டுத் தரவுகளைத் திரட்டியவருக்கு, ஆக்கம் இல்லாவிடினும் 15 ஆண்டுகள் தனியுரிமை உண்டு. நம் நாட்டு உச்ச நீதிமன்றம், சட்ட நூல் வெளியீட்டாளர் தொடுத்த வழக்கொன்றில் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் அளித்த தீர்ப்பில், உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவு ஆக்கத்திறனும் வேண்டும் என்றது. ஆகவே ஒரே சொற்பட்டியல் ஒரு நாட்டில் பொதுவாகவும், மற்றொரு நாட்டில் தனியுடைமையாகவும் இருத்தல் கூடும்.

ரூரல் நிறுவனம் கையாண்ட தந்திரத்தை அகராதியாரும் அறிவர். 2001இல் வெளிவந்த நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியில் 'எஸ்குவிவேலியன்ஸ்' என்று ஒரு சொல் இருந்தது. கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்தல் என்று பொருள் கூறப்பட்டிருந்தது. அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை. படியெடுப்போரைக் கண்டறிய அகராதியாரே புனைந்து வைத்த பொறி அது என்பது 2005இல் வெளியாயிற்று. பிளண்ட் வருந்திச் சுட்டிய பிழை, இங்கே வேண்டுமென்றே வைத்த பிழையாக உருக்கொண்டது.

இப்போது கணிப்பொறிக் காலத்துப் பட்டியல்களுக்கு வருவோம். இவற்றை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகை, காலம் கடந்ததனால் பொதுவானவை. 1913ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதி இவ்வகையினது. பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பரவிய யூனிக்ஸ் முறையில் ஒரு சொற்கோப்பு உண்டு. 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்த 2,34,936 சொற்கள் கொண்டது. அதனுடன் இணைந்த குறிப்பு, 1934ஆம் ஆண்டின் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது என்கிறது. அதனைத் தானே உறுதி கூறாமல், 'கோப்பினைத் தந்தவர் கூற்றுப்படி' என்றும் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஒரு தொடரில் எத்துணை எச்சரிக்கை!

இரண்டாம் வகை, தொகுத்தவரே மனமுவந்து பொதுவாக்கியவை. கிரேடி வார்டு என்பார் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களும் தொடர்களும் கொண்ட 'மோபி' பட்டியல்களை 1996இல் பொதுச்சொத்தாக்கினார். சொல் விளையாட்டுக்காரர்களுக்குரிய 'எனேபிள்' பட்டியலும் அவ்வாறு அளிக்கப்பட்டதே.

மூன்றாம் வகை, உரிமையைக் கைவிடாமல், இசைவு மட்டும் தருபவை. இவ்விசைவையே லைசென்ஸ் என்கிறோம். ஜார்ஜ் மில்லர் வழிகாட்டலில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய 'வேர்டுநெட்' சொற்களஞ்சியத்தை எக்காரியத்திற்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பல்கலைக்கழகத்தின் உரிமைக் குறிப்பை நீக்கலாகாது. பிரிட்டனில் குறுக்கெழுத்து ஆர்வலர்க்காக எழுந்த ஒரு பட்டியல், தன்னைப் பயன்படுத்துவோர் உரிமைக் குறிப்பைக் கண்ணிற்படுமாறு காட்ட வேண்டும் என்கிறது. 2002இல் தோன்றிய விக்சனரி, மர்ரேயின் காலத்தைப் போலவே பொதுமக்கள் கூடி எழுதுவது. ஆனால் அதன் பயனும் பொதுமக்களையே சாரும். அதிலிருந்து எடுத்து நூல் செய்பவர் ஆசிரியர்களைக் குறிப்பிட வேண்டும். தம் நூலையும் அதே நிபந்தனையில் பிறர்க்கு வழங்க வேண்டும்.

நான்காம் வகையே கவனிக்கத்தக்கது: கலப்புப் பட்டியல்கள். டிஜிட்டல் என்ற கணிப்பொறி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் தொகுத்த ஒரு பட்டியலின் குறிப்பு, தாம் அறிந்தவரையில் மூலப் பட்டியல்கள் பொது வழக்கிற்கு உரியவை என்றும், வணிகப் பொருளில் சேர்ப்பதாயின் எழுத்து மூலம் அனுமதி தேவைப்படலாம் என்றும் கூறுகிறது. எழுத்துப்பிழை திருத்தும் கருவிகளுக்காகக் கெவின் அட்கின்சன் தொகுத்த 'ஸ்கௌல்' பட்டியல் இதில் ஒரு நல்ல முன்மாதிரி. பல பட்டியல்களிலிருந்து திரட்டிய அவர், எது எங்கிருந்து வந்தது, அதனை அளித்தவர் விதித்த நிபந்தனை யாது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்துள்ளார். அக்குறிப்புகளே பல பக்கம் நீள்கின்றன. பல கிணற்று நீரைக் கலந்து தருபவர் ஒவ்வொரு கிணற்றின் பெயரையும் சொல்லித் தருவது போன்றது இது.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். நாளை ஒரு மாணவர் சொல் விளையாட்டோ, பிழைதிருத்தியோ, சிறு அகராதியோ செய்யக்கூடும். அவர் எடுத்த பட்டியலில் வணிகத்திற்கு ஆகாதது என்ற நிபந்தனை மறைந்திருந்தால், ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு நாளில் முடங்கிப்போகும். மறுபுறம், அளவுக்கு மீறிய உரிமை கோருவோர்க்கு அஞ்சி, பொதுவான சொற்களைத் தொடவும் அவர் தயங்கினால், அதுவும் இழப்பே. எனவே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். இப்பட்டியலைத் தொகுத்தவர் யார்? அவர் எதிலிருந்து எடுத்தார்? அளித்த இசைவை அளிக்க அவருக்கு உரிமை இருந்ததா? மூன்றாம் கேள்வியே முதன்மையானது. பிறர் வீட்டுத் திறவுகோலை ஒருவர் நமக்குப் பரிசாக அளித்தாலும், அவ்வீடு நமதாகாது.

காட்ரி, பிளண்ட், ஜான்சன், வெப்ஸ்டர், மர்ரே, ஆக்டன் ஆகிய அனைவரும் தமக்கு முன்னோர் திரட்டியவற்றின்மேல் நின்றே பணி செய்தனர். எடுப்பது தவறன்று, எடுத்ததை மறைப்பதே தவறு. சட்டம் பதினான்கு ஆண்டுகளிலிருந்து தொடங்கி எத்தனையோ முறை மாறியிருக்கிறது, இன்னும் மாறலாம். எங்கிருந்து பெற்றோம் என்பதை நன்றியுடன் எழுதி வைக்கும் வழக்கம் மட்டும் எக்காலத்தும் ஒருவருக்கும் தீங்கு செய்ததில்லை. ஏட்டில் ஒரு பட்டியலைப் பகர்த்தி எழுதும் மாணவர், அதன் அடியில் மூலத்தின் பெயரை ஒரு வரியில் எழுதினால், அவர் இந்த நன்னெறியில் முதலடி வைத்தவராவார்.